துப்பாக்கியின் உதை! வேட்டைக்காரர்கள் அதைக் குறைப்பது எப்படி?

சென்னையில் ரிப்பன் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். சென்டிரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று நிற்கிறதே, அந்தக் கட்டடம்தான். மாநகராட்சி அலுவலகம் அங்கேதான் இருக்கிறது.

யார் அந்த ரிப்பன்? 1880-ம் ஆண்டு முதல் 1884-ம் ஆண்டு வரை இந்தியாவில் வைசிராயாக இருந்தவர். மக்களுக்கு நல்லது செய்தவர் என்று பெயர் எடுத்தவர்.

அவருக்கு ஒரே மகன். தந்தை இறந்த பிறகு, 1909-ம் ஆண்டில் மகனும் ரிப்பன் பிரபு ஆனார். இந்த மகனும் புகழ் பெற்றவர்தான். ஆனால், வேறு வகையில்!

அவர் பறவை வேட்டையில் மன்னர். 1867-ம் ஆண்டில் வேட்டைக் கணக்கு எழுதத் தொடங்கினார். 1923-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இங்கிலாந்தில் உள்ள யார்க்சயரில், வேட்டைக்களத்திலேயே உயிர் விட்டார். அன்று காலையில் மட்டும் 52 பறவைகளைச் சுட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 71.

56 ஆண்டுகளில் அவர் சுட்டு வீழ்த்தியவை எத்தனை தெரியுமா? 5 லட்சத்து 56 ஆயிரத்துக்கும் மேல்! பெரும்பாலும் பறவைகள்.

இவ்வளவு உயிர்களைக் கொன்றது பெருமையா என்பது வேறு கேள்வி. இங்கே நாம் கேட்பது இன்னொரு கேள்வி.

துப்பாக்கியை ஒவ்வொரு முறை சுடும்போதும் அது திருப்பி உதைக்கும். லட்சக்கணக்கான உதைகளை ஒரு மனிதனின் தோள் எப்படித் தாங்கும்?

ஒரே நாளில் 1,500 தோட்டா

இங்கிலாந்தில் "கிரவுஸ்" என்று ஒரு பறவை உண்டு. நம் ஊர்க் கௌதாரியைப் போல இருக்கும். மரம் இல்லாத மேட்டு நிலங்களில், குத்துச் செடிகளுக்கு நடுவே வாழும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 12-ந் தேதி அதன் வேட்டை தொடங்கும்.

வேட்டைக்காரர் பறவையைத் தேடி அலைவதில்லை. தாழ்வான ஒரு சுவருக்குப் பின்னால் நிற்பார். ஆட்கள் கொடிகளை வீசிக்கொண்டு வருவார்கள். பறவைகள் கலைந்து, வேட்டைக்காரர் இருக்கும் பக்கமாகப் பறந்து வரும். மிக வேகமாக வரும். அவர் சுடுவார். சுட்ட துப்பாக்கியைப் பின்னால் நிற்கும் ஆளிடம் கொடுப்பார். தோட்டா போட்ட இன்னொரு துப்பாக்கியை வாங்குவார். மறுபடியும் சுடுவார்.

வால்சிங்காம் பிரபு என்று ஒருவர் இருந்தார். அந்துப்பூச்சிகளை ஆராய்ந்த அறிஞர் அவர். 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி, யார்க்சயரில் தன்னந்தனியாக 1,070 கிரவுஸ் பறவைகளைச் சுட்டார். அதற்கு அவர் செலவழித்த தோட்டாக்கள் ஏறத்தாழ 1,500.

1,500 தோட்டா என்றால் 1,500 உதை! அதுவும் ஒரே நாளில், ஒரே தோளில்!

அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கு "துப்பாக்கித் தலைவலி" என்று ஒரு தலைவலியே உண்டு. நாள் முழுவதும் உதை வாங்கியதால் வரும் தலைவலி அது.

ஏன் உதைக்கிறது?

பரிசலில் இருந்து கரைக்குத் தாவி இருக்கிறீர்களா? நீங்கள் முன்னால் தாவுவீர்கள். பரிசல் பின்னால் போகும். துப்பாக்கியும் அப்படித்தான்.

எந்த விசைக்கும் அதற்குச் சமமான எதிர் விசை உண்டு. இதை 1687-ம் ஆண்டிலேயே நியூட்டன் எழுதி வைத்தார். ரவை முன்னால் பாய்கிறது. துப்பாக்கி பின்னால் வருகிறது. இதை யாராலும் தடுக்க முடியாது.

பறவை வேட்டைக்குப் பயன்படும் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு கிடையாது. தோட்டாவுக்குள் கடுகு, மிளகு போலச் சின்னச் சின்ன ஈய ரவைகள் இருக்கும். விசையை இழுத்ததும் அவை சிதறிக்கொண்டு பாயும். ரவைகளோடு அடைப்பும் வெளியே வரும். வெடிமருந்தின் புகையும் அதிவேகமாக வரும்.

பெரும்பாலோர் வைத்திருப்பது 12-ம் நம்பர் துப்பாக்கி. 12 என்றால் என்ன? ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாகச் செய்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு பருமன் துப்பாக்கிக் குழலின் துளை. 20-ம் நம்பர் என்றால் 20 உருண்டை. ஆகவே, நம்பர் கூடக்கூடத் துளை சிறிதாகும்.

கணக்குப் பார்ப்போம். துப்பாக்கியின் எடை 3 கிலோ. ரவையின் எடை 28 கிராம். ரவை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அப்போது துப்பாக்கி விநாடிக்கு ஏறக்குறைய 4½ மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். இது, சைக்கிளில் விரைவாகப் போகிறவரின் வேகம்.

அந்த உதையின் பலம் எவ்வளவு? 3 கிலோ எடையுள்ள ஒரு கல், ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம்.

ஒரு முறை என்றால் தாங்கலாம். நூறு முறை என்றால்?

பயப்படுவது தோள் அல்ல, மூளை!

தோள் கன்றிப் போகும். கன்னம் வீங்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும். உண்மையான ஆபத்து அது அல்ல.

உதை வாங்கிய உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த முறை விசையை இழுக்கும்போது, "இதோ உதை வருகிறது" என்று மூளை எச்சரிக்கும். வேட்டைக்காரருக்குத் தெரியாமலே கண் மூடிக்கொள்ளும். தலை நிமிரும். தோள் பின்வாங்கும். எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்துவிடும்.

அந்த ஒரு நொடியில் குறி தப்பும்.

முழுவதும் தப்பினால் நல்லது. பறவை பிழைத்துப் போகும். பாதி தப்பினால்? இரண்டு மூன்று ரவைகள் மட்டும் பறவையின் வயிற்றில் பாயும். பறவை உடனே விழாது. காயத்தோடு பறந்து போகும். எங்கோ ஒரு புதரில் விழுந்து, மெல்ல மெல்லச் சாகும். வேட்டைக்காரருக்கும் அது கிடைக்காது. நாய் தேடினாலும் அகப்படாது.

நல்ல வேட்டைக்காரர்கள் இதைப் பெரிய பாவமாக நினைக்கிறார்கள். "சுட்டால் உடனே விழ வேண்டும். இல்லாவிட்டால் சுடக்கூடாது" என்பது அவர்களுடைய சட்டம்.

ஆகவே, உதையைக் குறைப்பது தோளுக்கு மட்டும் வேண்டியது அல்ல. பறவைக்கும் வேண்டியது.

சரி, எப்படிக் குறைக்கலாம்?

முதல் வழி: சிறிய தோட்டா

எளிய வழி இதுதான். செலவும் குறைவு.

முன்னால் போகும் எடை குறைந்தால், பின்னால் வரும் உதையும் குறையும். 32 கிராம் ரவை உள்ள தோட்டாவுக்குப் பதில் 21 கிராம் தோட்டா போட்டால், உதையின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 28 கிராமுக்குப் பதில் 24 கிராம் போட்டாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

"ரவை குறைந்தால் பறவை விழுமா?" என்று கேட்பீர்கள்.

இங்கிலாந்தில் 6-ம் நம்பர் ரவை என்று ஒன்று விற்கிறது. 28 கிராமில் அந்த ரவை ஏறத்தாழ 265 இருக்கும். 24 கிராமில் ஏறத்தாழ 230 இருக்கும். எண்ணிக்கைதான் குறைகிறது. ஒவ்வொரு ரவையின் அடியும் அதே அடிதான். பறவை 30 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால், சிறிய தோட்டாவே போதும். தூரத்துப் பறவையைச் சுடாமல் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். 28 கிராம் ரவை விநாடிக்கு 365 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே 455 மீட்டர் வேகத்தில் அனுப்பினால், உதையின் பலம் ஒன்றரை மடங்கு ஆகும். "அதிவேகத் தோட்டா" என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்கக்கூடாது.

இரண்டாவது வழி: கனமான துப்பாக்கி

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

தந்தை தன் பிள்ளைக்கு முதல் துப்பாக்கி வாங்குகிறார். "சின்னப் பையன்தானே, கனமாக இருந்தால் தூக்க மாட்டான்" என்று நினைக்கிறார். இருப்பதிலேயே லேசான துப்பாக்கியை வாங்கிக் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வாங்கும்போதும் இதே கதைதான்.

நல்ல எண்ணம்தான். ஆனால், விளைவு நேர்மாறு!

லேசான துப்பாக்கிதான் அதிகமாக உதைக்கும். ஒரே தோட்டாவை 3½ கிலோ துப்பாக்கியிலும் 2½ கிலோ துப்பாக்கியிலும் போட்டுப் பாருங்கள். கனமான துப்பாக்கியில் உதை 5 பங்கு என்றால், லேசான துப்பாக்கியில் 7 பங்கு இருக்கும். முதல் நாளே பையன் உதை வாங்குவான். மறுநாள் துப்பாக்கியைத் தொடவே பயப்படுவான். அந்தப் பயம் பல ஆண்டுகள் போகாது.

பிறகு என்னதான் செய்வது? லேசான துப்பாக்கி கொடுத்தால், சிறிய தோட்டாவும் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் கிரீனர் என்ற துப்பாக்கித் தொழிலாளர் குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் கிரீனர் 1881-ம் ஆண்டில் துப்பாக்கியைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். ரவையின் எடையைப்போல 96 மடங்கு எடை துப்பாக்கிக்கு இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு.

28 கிராம் ரவை என்றால், துப்பாக்கி 2 கிலோ 700 கிராமுக்குக் குறையக்கூடாது. 36 கிராம் ரவை என்றால், 3 கிலோ 450 கிராம் இருக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தக் கணக்கை இன்றும் சொல்கிறார்கள்.

துப்பாக்கியின் எடையைக் கூட்டவும் வழி உண்டு. கட்டைக்குள் துளையிட்டு, பாதரசம் நிரம்பிய குழாயை வைப்பார்கள். சிலர் ஈயத்தை வைப்பார்கள். ஆனால், நாள் முழுவதும் மலையில் நடக்கிற வேட்டைக்காரருக்குக் கனம் ஒரு தொல்லைதான். ஒரே இடத்தில் நிற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வழி: அளவு எடுத்த கட்டை

அண்ணன் சட்டையைத் தம்பி போட்டால் எப்படி இருக்கும்? தொளதொள என்று இருக்கும். துப்பாக்கியும் சட்டை மாதிரிதான்.

துப்பாக்கியின் பின்பகுதியில் மரக்கட்டை இருக்கும். அதைத்தான் தோளில் வைத்துக்கொள்கிறோம். கட்டை நீளமாக இருந்தால், தோளுக்கு வராமல் புஜத்தில் உட்காரும். புஜம் கன்றிப் போகும். கட்டை குட்டையாக இருந்தால், உதைக்கும்போது பெருவிரல் மூக்கில் இடிக்கும். கட்டையின் மேல்பக்கம் சரியாக இல்லாவிட்டால், கன்னத்தில் அறை விழும்.

உதையின் பலம் மாறவே இல்லை. அது விழுகிற இடம்தான் மாறுகிறது. ஆனால், வலி இரண்டு மடங்கு தெரியும்.

லண்டனில் உள்ள பெரிய துப்பாக்கிக் கடைகளில், தையற்காரர் அளவு எடுப்பதுபோல ஆளுக்கு அளவு எடுப்பார்கள். அதற்கென்றே ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் கட்டையை நீட்டலாம், குறுக்கலாம், வளைக்கலாம், சாய்க்கலாம். வாடிக்கைக்காரர் தோளில் அதை வைத்துப் பார்த்து, அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்த அளவுக்குக் கட்டையைச் செதுக்குவார்கள்.

புதுத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்பது இல்லை. பழைய கட்டையின் நுனியில் அரை அங்குலம் அறுத்தாலோ, அரை அங்குலம் ஒட்டினாலோ போதும். கைதேர்ந்த ஆசாரி செய்துவிடுவார்.

நான்காவது வழி: பிடிக்கிற பிடி

பந்தைப் பிடிக்கும்போது கையை என்ன செய்கிறீர்கள்? விறைப்பாக நீட்டிக்கொண்டு இருப்பதில்லை. பந்து வந்ததும் கையைப் பின்னால் இழுக்கிறீர்கள். அதனால் வலிப்பது இல்லை.

துப்பாக்கிக்கும் அதே பாடம்தான். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. துப்பாக்கிக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளியே இருக்கக்கூடாது.

உதைக்குப் பயந்தவர் என்ன செய்வார்? துப்பாக்கியைத் தோளுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். இது பெரிய தவறு. இடைவெளி இருந்தால், துப்பாக்கி வேகம் எடுத்து வந்து குத்தும். தோளோடு ஒட்டி இருந்தால் குத்தாது; தள்ளும். குத்துக்கும் தள்ளலுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

நிற்பதற்கும் முறை உண்டு. வலது தோளில் சுடுபவர் இடது காலை முன்னால் வைக்க வேண்டும். உடம்பின் பாரம் முன்காலில் இருக்க வேண்டும். மூக்கு, இடது கால் பெருவிரலுக்கு நேர் மேலே வரவேண்டும். பின்னால் சாய்ந்துகொண்டு சுட்டால், உதை ஆளையே தள்ளிவிடும்.

முதலில் கட்டை கன்னத்துக்கு வரவேண்டும். பிறகு, தோள் முன்னால் வந்து கட்டையைச் சந்திக்க வேண்டும். தோள் எலும்புக்கும் மார்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது அல்லவா? கட்டை அங்கேதான் உட்கார வேண்டும்.

இதற்குக் காசு வேண்டாம். தோட்டா வேண்டாம். வீட்டிலேயே தோட்டா இல்லாத துப்பாக்கியோடு தினமும் 20 முறை பழகினால் போதும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரப்பரும் புகையும்

சிமெண்டுத் தரையில் விழுந்தால் அடிபடும். மணலில் விழுந்தால் அடிபடாது. விழுகிற வேகம் ஒன்றுதான். ஆனால், மணல் நம்மை மெதுவாக நிறுத்துகிறது.

இதற்காகத்தான் கட்டையின் நுனியில் ரப்பர் வைக்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்திலேயே இது வந்துவிட்டது. இப்போது மெத்தைபோன்ற புதுவகை ரப்பர்கள் வந்திருக்கின்றன. ரப்பர் உதையைக் குறைப்பது இல்லை. உதை வந்து சேரும் நேரத்தை நீட்டுகிறது. அதுவே பெரிய நன்மை.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. வெடிமருந்தின் புகையில் ஒரு சிறு பங்கைக் குழலில் உள்ள துளை வழியாக வெளியே எடுப்பார்கள். அந்தப் புகை ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானாகவே போட்டுக்கொள்ளும். இந்த வேலை நடக்கும்போது உதை நீண்டு, மெதுவாக வருகிறது.

இந்த வகையில் பெயர் பெற்றது, அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி 1963-ம் ஆண்டில் வெளியிட்ட "1100" என்ற துப்பாக்கி. "இது உதைப்பதே தெரியவில்லை" என்று பலர் விரும்பி வாங்கினார்கள். தோள் வலி உள்ளவர்கள் இன்றும் இந்த வகையைத்தான் தேடுகிறார்கள்.

ஈயம் போய் இரும்பு வந்தது

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது.

சுடப்பட்ட ஈய ரவைகள் ஏரியின் அடியில் கிடக்கும். வாத்துகள் அவற்றைக் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கும். ஈயம் விஷம். வாத்துகள் சாகும். ஆகவே, 1991-ம் ஆண்டு முதல் வாத்து வேட்டைக்கு ஈய ரவையை அமெரிக்க அரசாங்கம் நாடு முழுவதும் தடை செய்தது.

ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை வந்தது. எஃகு, ஈயத்தைவிட லேசானது. லேசான ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதைச் சரிக்கட்ட, தோட்டாவின் வேகத்தைக் கூட்டினார்கள். வேகம் கூடியதும் உதையும் கூடியது!

வான்கோழி வேட்டைக்காரர்கள் இன்னும் மோசம். அமெரிக்கக் காடுகளில் வாழும் வான்கோழி பெரிய பறவை. அதற்காக மூன்றரை அங்குல நீளத் தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். அது உதைத்தால் பல் ஆடும்!

இப்போது நிலைமை மாறி வருகிறது. டங்ஸ்டன் என்ற உலோகத்தில் ரவை செய்கிறார்கள். அது ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. அதனால், மிகச் சிறிய ரவையே ஆழமாகப் பாயும். ஆகவே, சிறிய துப்பாக்கியே போதும் என்று பலர் 20-ம் நம்பருக்கு மாறிவிட்டார்கள். விலைதான் மிக அதிகம்.

காதை மூடினால் கண் மூடாது!

உதைக்குப் பயப்படுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாதிப் பயம் சத்தத்தால் வருவது.

12-ம் நம்பர் துப்பாக்கியின் சத்தம் 150 டெசிபலுக்கு மேல். காது கெட்டுப்போக அது போதும். காது மூடியை மாட்டிக்கொண்டு சுட்டால், அதே துப்பாக்கி மெதுவாக உதைப்பதுபோலத் தோன்றும். புதிதாகப் பழகுகிறவர் முதல் தோட்டாவில் இருந்தே காதை மூடிக்கொள்ள வேண்டும்.

ஏற்கனவே பயம் பிடித்தவரை எப்படிக் குணப்படுத்துவது? அதற்கும் ஒரு தந்திரம் இருக்கிறது.

போலித் தோட்டா என்று ஒன்று விற்கிறது. அதில் மருந்து இருக்காது. சுடும் திடலில், பயிற்சி கொடுப்பவர் துப்பாக்கியை வாங்கி, சில சமயம் உண்மைத் தோட்டாவையும் சில சமயம் போலித் தோட்டாவையும் போட்டுக் கொடுப்பார். எது உள்ளே இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாது.

போலித் தோட்டா வந்தால் "கிளிக்" என்று மட்டும் கேட்கும். உதை இருக்காது. ஆனால், சுடுபவரின் தோள் துள்ளும்! துப்பாக்கி முனை ஆடும்! தாம் பயப்படுவதை அவர் தம் கண்ணாலேயே பார்த்துவிடுவார். நாலைந்து நாள் இப்படிப் பழகினால், துள்ளல் அடங்கிவிடும்.

நம் நாட்டில்?

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் கௌதாரி சுடக் கிளம்பிவிடக் கூடாது!

நம் நாட்டில் 1972-ம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் வழக்கமே ஒழிந்தது. காட்டுக் காடை, கௌதாரி, காட்டுக்கோழி எதைச் சுட்டாலும் குற்றம். சிறைதான்.

ஆனால், அதே 12-ம் நம்பர் துப்பாக்கியால் உயிரைக் கொல்லாமல் விளையாடும் போட்டி உண்டு. இயந்திரம் ஒரு தட்டை வானத்தில் வீசும். பறக்கும் தட்டைச் சுட வேண்டும். அந்தத் தட்டுக்கு "களிமண் புறா" என்றே பெயர்.

2004-ம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் வாங்கியது இந்த வகைப் போட்டியில்தான். 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில், புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டார்.

அவருடைய போட்டியின் முதல் கட்டத்தில் மட்டும் 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். ஆகவே, 250 தோட்டா வரை செலவாகும். அதற்கு முன் பயிற்சியில் சுட்டவை ஆயிரம் ஆயிரம்! உலகப் போட்டி விதிப்படி, தோட்டாவில் ரவை 24½ கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தச் சிறிய தோட்டாவால்தான் உலக வீரர்கள் தட்டைத் தூள் தூளாக்குகிறார்கள். பெரிய தோட்டாதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வேட்டைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நினைவில் வைக்க

1. உதையை ஒழிக்க முடியாது, குறைக்கலாம்.

2. முதலில் தோட்டாவைச் சிறிதாக்கு. வேகத்தையும் குறை.

3. லேசான துப்பாக்கிக்குப் பெரிய தோட்டா ஆகாது.

4. கட்டை, ஆளுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். நுனியில் ரப்பர் இருக்க வேண்டும்.

5. துப்பாக்கியைத் தோளோடு ஒட்டிப் பிடி. முன்காலில் பாரம் வை.

6. காதை மூடு.

இதில் நான்கு காரியங்களுக்குக் காசே வேண்டாம். பிறகு ஏன் பலர் உதை வாங்குகிறார்கள்?

"உதையைத் தாங்குவதுதான் ஆண்மை" என்ற எண்ணம்தான் காரணம். தோள் கன்றிப்போனதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். பயத்தை மறைக்கிறார்கள். ஆனால், பறவையிடம் அதை மறைக்க முடியாது. கண் மூடிய அந்த ஒரு நொடிக்கு, அது காயத்தோடு பறந்துபோய்ப் புதரில் கிடந்து விலை கொடுக்கிறது.